மண்டபத்தில் உட்கார வைத்த ஒரு நாள்: என் மீது வழக்கு இருக்கிறதா, எங்கே தேடுவது?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

2019 ஜூனில் அவர் கல்லூரி மாணவர். ஊரில் குடிநீர் வராததைக் கண்டித்து நடந்த சாலை மறியலில் கலந்துகொண்டார். போலீஸார் எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தனர். ஒரு காவலர் நீளத்தாளில் ஒவ்வொருவருடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கினார். மாலை ஆறு மணிக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு சம்மன் வரவில்லை. இடையில் குடும்பம் வாடகை வீடு மாறிவிட்டது.

இப்போது குரூப் 4 தேர்வில் வென்று இளநிலை உதவியாளர் பணி கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்துக்குள் தர வேண்டிய சரிபார்ப்புப் படிவத்தில் ஒரு கேள்வி: “எப்போதாவது கைது செய்யப்பட்டோ காவலில் வைக்கப்பட்டோ இருக்கிறீர்களா? குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா? தண்டிக்கப்பட்டதுண்டா?” “மண்டபத்துல உட்கார வச்சதெல்லாம் கைதா? இல்லைன்னு எழுதிடு” என்கிறார் அப்பா. நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடியதில் ஒன்றும் வரவில்லை. போராட்ட வழக்குகளையெல்லாம் அரசே திரும்பப் பெற்றுவிட்டது என்கிறார் நண்பர். நீதிமன்றத்துக்குத் தகவல் உரிமை மனு போடலாமா என்று வாசகர் யோசிக்கிறார். இதற்கிடையே, 15,000 ரூபாய் கொடுத்தால் ஸ்டேஷன் ரெக்கார்டிலிருந்து பெயரையே எடுத்துவிடலாம் என்று ஒருவர் வந்திருக்கிறார். கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: தங்கைக்கு வந்திருக்கும் வரனைப் பற்றியும் இதேபோல் தேடிப் பார்க்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அப்பா சொன்னதைப் பார்ப்போம். விலங்கு மாட்டவில்லை, லாக்கப்பில் வைக்கவில்லை என்பதால் அது கைது இல்லை என்று ஆகிவிடாது. எழுந்து வீட்டுக்குப் போக உங்களுக்கு அனுமதி இல்லாத அந்த நேரம் முழுவதும் நீங்கள் காவலில்தான் இருந்தீர்கள். கைதுக் குறிப்பாணை கொடுக்கவில்லை, வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை என்றால் அது போலீஸார் செய்த தவறு. அதை வைத்துக் கைதே நடக்கவில்லை என்று நாம் சொல்ல முடியாது. உங்கள் படிவம் “காவலில் வைக்கப்பட்டோ” என்றும் கேட்கிறது. ஆகவே வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் கேள்விக்கு “இல்லை” என்று எழுத வழியில்லை. என்ன வழக்கு, என்ன நிலை என்பதைத்தான் இனிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று மாலை இரண்டில் ஒன்று நடந்திருக்கும். குற்றம் நடக்காமல் தடுக்கும் கைதாக, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151-ஆவது பிரிவில் உங்களைப் பிடித்துவைத்து, வழக்கில்லாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு இருக்கும். நீதிமன்றத்தில் எதுவும் இருக்காது. அல்லது கிராம நிர்வாக அலுவலரிடமோ உதவி ஆய்வாளரிடமோ புகார் வாங்கி முதல் தகவல் அறிக்கை போட்டிருக்கலாம். சாலை மறியல் என்றால் வழக்கமாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 341 (வழிமறித்தல்), 188 (அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல்) பிரிவுகள்தான் வரும். உங்கள் சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்பதால் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா இதற்குப் பொருந்தாது. எந்த மனுவிலும் குற்றத்துக்குப் பழைய பிரிவுகளையே குறிப்பிடுங்கள்.

பெயரைப் போட்டுத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை

“இ-கோர்ட்ஸில் வரவில்லை, ஆகவே வழக்கு இல்லை” என்ற முடிவை இன்றே கைவிடுங்கள். மறியல் வழக்குகளில் நீதிமன்றக் கணினியில் பெரும்பாலும் முதல் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பெயரும் அதன்பின் “மற்றும் பலர்” என்பதும்தான் ஏறியிருக்கும். நீங்கள் 37-ஆவது எதிரி என்றால் உங்கள் பெயரைத் தட்டி எந்தப் பயனும் இல்லை. பெயர் ஏறியிருந்தாலும் எழுத்துக்கூட்டல் காலை வாரும். இனிஷியல் முன்னால் வரலாம், பின்னால் வரலாம். செல்வகுமார் ஓரிடத்தில் ஒரே சொல், இன்னோரிடத்தில் செல்வ குமார். மண்டபத்தில் காவலர் தமிழில் எழுதிய பெயரை வேறொருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருப்பார். உங்கள் மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்துகள் அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு சிக்கல் ஆண்டு. பெயர்த் தேடலில் கேட்கப்படும் ஆண்டு, வழக்கு நீதிமன்றத்தில் பதிவான ஆண்டு. சம்பவம் 2019-இல் நடந்து குற்றப்பத்திரிகை 2021-இல் கோப்புக்கு எடுக்கப்பட்டிருந்தால் 2019 என்று போட்டுத் தேடுவது வீண். நிலுவை, முடிந்தவை என்ற இரண்டு பிரிவுகளையும் பார்க்க வேண்டும் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குற்ற எண்தான் சாவி

எனவே பெயரை விட்டுவிட்டு, முதல் தகவல் அறிக்கைக்குக் காவல் நிலையம் தரும் குற்ற எண்ணைப் பிடியுங்கள். அதற்கு முன் சம்பவத் தேதி துல்லியமாக வேண்டும். “ஜூன் மூன்றாவது வாரம்” என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதாது. அன்று நண்பர்கள் எடுத்த போட்டோவின் விவரத்தில் தேதி இருக்கும். மறுநாள் நாளிதழின் மாவட்டச் செய்தியிலும் இருக்கும். அடுத்தது எந்தக் காவல் நிலையம் என்பது. மண்டபம் இருந்த இடத்தின் நிலையம் கணக்கில்லை. மறியல் நடந்த சாலை எந்த நிலைய எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் பதிவாகியிருக்கும்.

இந்த இரண்டும் கையில் இருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கும் பகுதிக்குப் போங்கள். அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், இணைய வசதிச் சிக்கல் இருந்தால் 72 மணி நேரம் வரை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. மறியல் அந்த வகையில் வராது.

குற்ற எண் தெரியாதே என்று திகைக்க வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரி 1-ஆம் தேதி 1-இல் தொடங்கி எண் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். உத்தேசமாக 150/2019 என்று திறந்து அதன் தேதியைப் பாருங்கள். அது ஏப்ரல் என்றால் 220-க்குப் போங்கள். ஜூலை என்றால் பின்னால் வாருங்கள். ஏழெட்டு முயற்சியில் உங்கள் நாளுக்கு வந்துவிடலாம். அந்த நாளோடு நிறுத்தாமல் அடுத்த மூன்று நாட்களின் அறிக்கைகளையும் பாருங்கள். இடையில் ஓர் எண் திறக்கவே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் நேரில் கேட்க வேண்டிய எண் அதுதான்.

அறிக்கை கிடைத்ததும் நான்கு கட்டங்களைக் கவனமாகப் படியுங்கள். 2-ஆவது கட்டத்தில் சட்டப் பிரிவுகள் இருக்கும். 3-இல் சம்பவ நாளும் நேரமும். 7-இல் எதிரிகளின் விவரம். 12-இல் புகாரின் வாசகம். 7-ஆவது கட்டத்தில் நான்கைந்து பெயர்களும் “மற்றும் 60 பேர்” என்றும் இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். அந்த அறுபது பேர் யார் என்பது மண்டபத்தில் கையெழுத்து வாங்கிய தாளில் இருக்கிறது. குற்றப்பத்திரிகையில் அது முழுப் பட்டியலாக வரும். 2-ஆவது கட்டத்தில் நான் சொன்ன பிரிவுகளோடு பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்தால், மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு அன்றே ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். அது கனமான பிரிவு. கீழே சொல்லும் காலவரம்புக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

நிலையத்துக்கு நேரில் போகப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 143, 341, 188 மூன்றுமே ஜாமீனில் விடத்தக்க குற்றங்கள். ஜாமீன் உங்கள் உரிமை. அறிக்கையில் உங்கள் பெயர் இருந்தால் அதன் நகலைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதே 2016 தீர்ப்பின்படி விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் நிலையம் தர வேண்டும். நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் சான்றிட்ட நகல் தர வேண்டும். வாய்மொழியாக ரைட்டரிடம் கேட்டுவிட்டு வராதீர்கள். ஆய்வாளருக்கு ஒரு பக்க விண்ணப்பம், கண்காணிப்பாளருக்கு அதன் பிரதி, இரண்டையும் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: நீதிமன்றத்தில் பிடியாணை நிலுவை என்று தெரிந்தால் நிலையத்துக்குப் போகாமல் வழக்கறிஞரோடு நேரே நீதிமன்றத்துக்குப் போங்கள்.

நீதிமன்றத்தில் என்ன தேடுவது

குற்ற எண் கிடைத்த பிறகு இ-கோர்ட்ஸ் தளத்துக்குத் திரும்புங்கள். வழக்கு நிலையைத் தேடும் பக்கத்தில் முதல் தகவல் அறிக்கை எண்ணைக் கொண்டு தேடும் வழி தனியாக இருக்கிறது. மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுங்கள். இங்கே கேட்கப்படுவது அறிக்கையின் ஆண்டு, அதாவது 2019. வழக்கு இருந்தால் சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று தொடங்கும் வழக்கு எண்ணும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும் (வழக்கின் தனி அடையாள எண்) வரும். சி.என்.ஆர். எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாறினாலும் அதைக் கொண்டு தேடலாம்.

என்ன வருகிறது என்பதைப் பொறுத்து உங்கள் நிலை மாறும்.

எதுவுமே வரவில்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். புலன்விசாரணை முடியாமல் கிடக்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, குறைகளுக்காக நீதிமன்றத்தால் திருப்பப்பட்டிருக்கலாம். அல்லது “தவறான தகவல்”, “மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது” என்று போலீஸாரே முடித்திருக்கலாம். கடைசி வகையில் அறிவிப்பு புகார்தாரருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. எல்லைக்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்ற அலுவலகத்தில் குற்ற எண்ணைச் சொல்லி, இறுதி அறிக்கை வந்ததா என்று வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள். முதல் தகவல் அறிக்கையின் மூலப் பிரதி அங்கேதான் இருக்கும்.

இன்னும் விசாரணையிலேயே கிடக்கிறது என்றால் உங்களுக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆவது பிரிவு. 143-க்கு அதிகபட்சம் ஆறு மாதம், 341-க்கு ஒரு மாதம். கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் காலவரம்புக் கணக்கிலிருந்து விலக்கியது என்று அரசுத் தரப்பு சொல்லக்கூடும். அதை அப்படியே ஏற்றாலும் உங்கள் ஓராண்டு 2022 நடுப்பகுதியிலேயே முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதே சட்டத்தின் 473-ஆவது பிரிவில் அதிகாரம் உண்டு என்பதால் வழக்கு தானாகவே செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் ரத்து மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். 188-ஆவது பிரிவுக்குக் காவல்துறை முதல் தகவல் அறிக்கை போடவே முடியாது, உரிய அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்று அதே அமர்வு 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் மனுவில் அதுவும் இடம்பெற வேண்டும்.

வழக்கு நிலுவையில் இருந்தால், அடுத்த வாய்தாத் தேதிக்குப் பக்கத்தில் உள்ள “நோக்கம்” என்ற கட்டத்தைப் பாருங்கள். நீங்கள் வீடு மாறியிருக்கிறீர்கள். சம்மன் பழைய முகவரிக்குப் போய், “ஆள் இல்லை” என்று திரும்பி, பிடியாணை வரை போயிருக்க வாய்ப்புண்டு. நீங்களே வழக்கறிஞரோடு ஆஜராகி, முகவரி மாறியதற்கு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிப் பிடியாணையைத் திரும்பப் பெறும் மனு போட்டால் இந்த வகை வழக்கில் அது பெரும்பாலும் அன்றைக்கே தீரும். சரிபார்ப்புக்கு வரும் காவலரின் கையில் அந்தப் பிடியாணை இருக்கும் நிலையை மட்டும் வரவிடாதீர்கள்.

வழக்கு முடிந்திருந்தால் எப்படி முடிந்தது என்பது முக்கியம். யாரோ ஒருவர் முன்னின்று குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி எல்லோருக்கும் அபராதம் கட்டியிருந்தால் அது தண்டனைதான். “ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சது” என்று ஊரில் சொல்வார்கள்; படிவத்தின் மூன்றாவது கேள்விக்கு விடை அப்போது “ஆம்” ஆகிவிடும். நீங்கள் ஆஜராகாமலே உங்கள் பெயரில் அப்படி நடந்திருப்பதாகத் தெரிந்தால், தீர்ப்பு நகலோடு உடனே சீராய்வு மனு பற்றி ஆலோசியுங்கள். முதல் எதிரி உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து வாங்கியிருந்தால் அது மற்ற எதிரிகளுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உத்தரவின் கடைசிப் பத்தி யாரையெல்லாம் குறிப்பிடுகிறது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் நண்பர் சொன்னதும் இந்த இடத்தில்தான் வருகிறது. குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பு, வேளாண் சட்ட எதிர்ப்பு போன்ற சில போராட்டங்களின் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021-இல் அரசு அறிவித்தது உண்மை. ஆனால் அறிவிப்பு வேறு, வழக்கு முடிவது வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆவது பிரிவின்படி அரசு வழக்கறிஞர் மனுச் செய்து, நீதிமன்றம் சம்மதித்தால்தான் வழக்கு திரும்பப் பெறப்படும். உங்கள் குடிநீர் மறியல் அந்தப் பட்டியலில் வருமா என்பதே முதல் கேள்வி. நீதிமன்ற உத்தரவு கையில் இல்லாமல் “திரும்பப் பெறப்பட்டது” என்று படிவத்தில் எழுதாதீர்கள்.

நகல் வாங்குவது

எந்த முடிவாக இருந்தாலும் உங்களுக்குத் தேவை திரைப்பிரதி அல்ல, சான்றிட்ட நகல். இ-கோர்ட்ஸ் பக்கத்தின் அச்சுப்பிரதியை எந்த அலுவலகமும் ஆதாரமாக ஏற்காது. வழக்கு எண், தேதி, எந்த ஆவணம் என்பதைக் குறிப்பிட்டு, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகல் மனுவை நீதிமன்றத்தின் நகல் பிரிவில் கொடுங்கள். வழக்கின் எதிரி என்ற முறையில் உங்களுக்கு இது நேரடியான உரிமை. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு அல்லது முடிவு உத்தரவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பணி நியமனத்துக்குத் தேவை என்று காரணம் எழுதி அவசர நகலாகக் கேட்கலாம்.

நகல் மனுக்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான். மனு கொடுத்த பிறகு எத்தனை பக்கம் என்று கணக்கிட்டு, அத்தனை நகல் தாள் கட்டும்படி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனு கொடுத்த மறுநாளிலிருந்து தினமும் அந்தப் பலகையைப் பாருங்கள், அல்லது வழக்கறிஞரின் குமாஸ்தாவிடம் ஒப்படையுங்கள். மனு கொடுத்ததற்கான எண்ணையும் தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள். அது ஏன் தேவை என்று கடைசியில் சொல்கிறேன்.

தகவல் உரிமை மனு பற்றி: நீதிமன்ற ஆவண நகலுக்கு அது வழி அல்ல. நீதித்துறை ஆவணங்களை நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு மூலமே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் காவல்துறையிடம் கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் நல்ல கருவி, குறிப்பாக உங்களை வழக்கில்லாமல் வெறும் 151-இல் விட்டிருந்தால். மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். இன்ன தேதியில் இன்ன மண்டபத்தில் வைக்கப்பட்டவர்களில் என் பெயர் உண்டா; எந்தப் பிரிவில் வைக்கப்பட்டேன்; வழக்குப் பதிவாகியிருந்தால் குற்ற எண் என்ன, தற்போதைய நிலை என்ன; அந்த நாளின் பொது நாட்குறிப்பில் என்னைப் பற்றிய பதிவின் நகல் வேண்டும். இவ்வளவு போதும். “என் மீதுள்ள எல்லா வழக்குகளின் விவரம்” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். பதிலுக்கு 30 நாள் ஆகலாம். உங்களுக்கு இருப்பது மூன்று வாரம். ஆகவே இன்றே அனுப்புங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

காவல்துறைத் தளத்தில் விண்ணப்பித்து நன்னடத்தைச் சரிபார்ப்பு அறிக்கை வாங்கலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் “வழக்கு ஏதுமில்லை” என்று வந்தாலும் அதை முடிந்த முடிவாக நம்ப வேண்டாம். பெயர் எழுத்து மாறியிருந்தால் அங்கேயும் அதே தடுமாற்றம்தான்.

அந்தப் பதினைந்தாயிரம்

அந்த ஆளை இனிமேல் வீட்டுக்குள் விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவான உடனேயே ஒரு பிரதி நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது. கணினி வலையமைப்பிலும் ஏறிவிடுகிறது. நிலையத்தில் இருக்கும் யாராலும் அதைத் துடைக்க முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் கழித்து “முடிஞ்சிடுச்சு” என்பார். நீங்கள் அதை நம்பி “இல்லை” என்று எழுதுவீர்கள். சரிபார்ப்பில் வழக்கு அப்படியே வந்து நிற்கும். தவிர, 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதத் தண்டனைக்குரிய மறியல் வழக்குக்குப் பயந்து அதைவிடப் பெரிய வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அவர் ஒரு காவலரின் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம்.

வழக்கு நல்லபடி முடிந்த பிறகு இணையத்திலிருந்து பெயரை நீக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆகவே அதை நம்பி இப்போது எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

தங்கையின் வரன்

தேடிப் பார்க்கலாம், சட்டத்தில் தடையில்லை. பொதுவெளியில் இருக்கும் முதல் தகவல் அறிக்கைகளையும் வழக்கு நிலையையும் யாரும் பார்க்கலாம். மூன்றாம் நபராக நீங்கள் ஆவண நகல் கேட்டால் மட்டும் காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். ஆனால் உங்கள் பெயர் உங்களுக்கே கிடைக்காத அதே தளத்தில், வேறொருவரின் பெயர் அவருடையதாகவே இருக்கும் என்று எப்படி நம்புவது? தகப்பனார் பெயர், வயது, ஊர் மூன்றும் பொருந்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பொருந்தினாலும், வழக்கு இருக்கிறது என்பது குற்றவாளி என்பதல்ல. அவரிடமே நேரில் கேளுங்கள். எதையும் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஆள் மாறிப்போனால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும்.

படிவத்தில் என்ன எழுதுவது

அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது. “ஆம்” என்று எழுதினால் வேலை போய்விடும் என்று அவர் நினைக்கிறார். இந்த விஷயத்தில் ஆபத்து மறுபக்கம்தான் இருக்கிறது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. கேட்ட கேள்விக்கு உண்மையான தகவல் தர வேண்டும். மறைத்தது தெரிந்தால் நியமனத்தை ரத்து செய்ய அந்த ஒன்றே காரணமாகலாம். உண்மையைச் சொன்னவரின் வழக்கையோ, அதன் தன்மையைப் பார்த்து நியமன அதிகாரி சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கைச் சொல்லாமல் விட்டிருந்தால்கூட அதிகாரி தன் விருப்புரிமையில் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பொறுத்துக்கொள்வது அவருடைய விருப்பம், உங்கள் உரிமை அல்ல. சொல்லிவிட்டுப் பரிசீலனை கேட்பதே உங்கள் பலம். காவலர் தேர்வில் இந்த விதிகள் இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையே அங்கே ஏற்பதில்லை. உங்கள் பணி அது அல்ல.

மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து ஒற்றைச் சொல்லில் பதில் எழுதாமல், இணைப்புத் தாளில் இப்படி எழுதுங்கள்:

“2019 ஜூன் மாதம் ... தேதி ... என்ற இடத்தில் குடிநீர் கோரி நடந்த சாலை மறியலில் கல்லூரி மாணவனாகக் கலந்துகொண்டேன். காவல்துறையினர் மற்றவர்களோடு என்னையும் ... மண்டபத்தில் வைத்து, அன்று மாலை விடுவித்தனர். இது தொடர்பாக ... காவல் நிலையக் குற்ற எண் .../2019 பதிவாகியுள்ளது. எனக்கு இதுவரை சம்மன் ஏதும் வந்து சேரவில்லை. வழக்கின் தற்போதைய நிலை: ... . இதைத் தவிர என் மீது வேறு வழக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.”

குற்ற எண் கிடைக்கவில்லை என்றால் அந்த வரிக்குப் பதிலாக, “வழக்குப் பதிவானதா என அறிய ... தேதியில் காவல் ஆய்வாளருக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கும் விண்ணப்பித்துள்ளேன், விவரம் கிடைத்ததும் சமர்ப்பிப்பேன்” என்று எழுதுங்கள். நகல் மனு எண்ணைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான். மூன்று வாரத்தில் சான்றிட்ட நகல் வராமல் போனாலும், மனு எண்ணும் ஸ்பீடு போஸ்ட் ரசீதுகளும் நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. அவற்றின் பிரதிகளைப் படிவத்தோடு இணையுங்கள். இணைப்புத் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, படிவத்தின் அந்தக் கட்டத்தில் “இணைப்பு காண்க” என்று குறித்து, முழுத் தொகுப்பின் இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.